மறு: மறு: 'மாசூட்டல்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

அன்பர்களே,

நாளை காலை கட்டுரை அச்சுக்குப் போகிறது. பழைய வண்டிகளிலிருந்து மீட்ட உலோகம் சேர்த்து, ஒளி பட்டால் காற்று மாசைச் சிதைக்கும் வினையூக்கிக்குத் தமிழ்ப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. இழையோ மாசு என்ற சொல்லின் வேரைத் தேடி மாசுணப் பாம்பு வரை போய்விட்டது. மாசு, மை, மால் மூன்றுக்கும் கருமைதான் வேர் என்று ஐயா சொல்வது சரியாகவே இருக்கட்டும். குறைகடத்திப் பாடத்தில் மாசூட்டல் (படிகத்துக்குள் வேற்று அணுவைச் சிறிது புகுத்துவது) படித்த பிள்ளையிடம் 'மாசூட்டிய ஊக்கி காற்று மாசை நீக்கும்' என்றால் சிரிக்காதா? என் கவலை அதுதான்.

ஒளி பட்டதும் ஊக்கியான டைட்டானியம் டைஆக்சைடில் எலக்ட்ரான் உயர் ஆற்றல் நிலைக்கு மேலேறும், அது விட்டுப்போன வெற்றிடமாகக் கீழே துளை நிற்கும். அந்தத் துளை நீரிலிருந்து சட்டென்று வினைபுரியும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்கும்; காற்று மாசுகளான ஃபார்மால்டிஹைடு, டொலுயீன் எல்லாம் சிதைவது அதனால்தான். ஆனால் பெரும்பாலும் எலக்ட்ரானும் துளையும் அதற்குள் மறுபடி சேர்ந்து தொலைக்கும். மேற்பரப்பில் பிளாட்டினமோ பல்லேடியமோ இருந்தால் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய வண்டிகளின் புகைவடிப்பானிலிருந்து (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) மீட்ட உலோகம் இங்கேதான் உதவுகிறது. அது படிகத்துக்குள் புகுவதில்லை, மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'மீட்புலோகம் பதித்த ஒளிவினையூக்கி'.

இழையில் அம்மா தந்த 'உலோகந்தோய் ஊக்கி' வினைத்தொகையாக அழகு. ஆனால் தோய்வது உள்ளே இறங்குவதல்லவா? டைட்டானியம் டைஆக்சைடின் ஒரு படிக வடிவமான அனடேசின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் மேலேற வேண்டிய ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட், புற ஊதாவுக்குத்தான் மசியும். வெயிலில் அது 5 விழுக்காடு அளவே. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பயன்படட்டும் என்று டைட்டானியத்தின் இடத்தில் இரும்பு அணுவை நுழைப்பார்களே, அந்த வகைக்குத் 'தோய்' பொருந்தும்.

———

> மீட்புலோகம்

புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்குப் பூலோகம்தான் தெரியும். பிரித்து எழுதுங்கள். இன்னொன்று: ஊக்குவது மட்டுமா வினையூக்கியின் வேலை? பாடநூல் வழக்கு வினைவேகமாற்றி. 'ஒளிவினைவேகமாற்றி' என்பதே சரி.

———

ஐயா, அந்தச் சொல் அட்டவணைத் தலைப்பில் அடங்காது, மூன்றாக உடைகிறது. அச்சகத்தார் கேட்பது பொருள் அல்ல, அகலம்.

நான் தந்த 'தோய்' பற்றி எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. நிலவு தோய் மாடம் என்றால் நிலவு சுவருக்குள்ளா இறங்குகிறது? அப்புறம் பேசுவோம். இப்போதைக்குப் 'பதித்த' என்றே போகட்டும்.

———

சரி, 'மீட்ட உலோகம் பதித்த ஒளிவினையூக்கி' என்று அனுப்புகிறேன். வினைவேகமாற்றி ஐயாவின் எதிர்ப்பு பதிவாகட்டும்.

———

பதிவு மட்டும் போதாது. 'புகைவடிப்பான்' என்பதை யார் ஒப்புக்கொண்டது? அந்தப் பெட்டி எதையும் வடிப்பதில்லை. கார்பன் மோனாக்சைடை அங்கேயே டைஆக்சைடாக மாற்றுகிறது. தனி இழை தொடங்குகிறேன்.