82 சதவீத ஓட்டு வாங்கிய சிராக் யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பத்தாங்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்களுக்குப் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை. நேற்று ராத்திரி ஒட்டுக்கடையில் இரண்டு மாமாக்களுக்குள் பெரிய வாய்ச்சண்டை. 2002இல் பிரான்சில் ஜாக் சிராக் 82 சதவீத ஓட்டு வாங்கி அதிபரானார், ஜனங்கள் அப்படிக் கொண்டாடிய தலைவர் என்கிறார் ஒருவர். "அட போய்யா, அந்தாளும் லெ பென் மாதிரி வலதுசாரிதான்" என்கிறார் மற்றவர். எனக்கு இரண்டு பெயருமே புதுசு. நெட்டில் தேடினால் கட்சிப் பெயரே நாலைந்து வந்து தலை சுற்றுகிறது. இவர் எப்படி மேலே வந்தார்? அந்த 82 எப்படி விழுந்தது?

பழையகிராணி:
தம்பி, அந்த 82ஐ நம்பாதீர்கள். சிராக்கின் சொந்த ஓட்டு முதல் சுற்றில் விழுந்த 19.88தான். பதவியில் இருக்கும் அதிபருக்கு அது படுமட்டம். ஆனால் 16 பேர் நின்ற தேர்தலில் இடதுசாரி ஓட்டு சிதறிப்போய், பிரதமராக இருந்த ஜோஸ்பான் 16.18க்கு இறங்கிவிட்டார். தீவிர வலதுசாரி லெ பென் 16.86 வாங்கி, முதல் இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்தார். இடதுசாரிகள் வேறு வழியில்லாமல் சிராக்குக்குக் குத்தினார்கள்.

சரி, ஆளுக்கு வருவோம். பாரிஸில் 1932இல் பிறந்தவர், பூர்வீகம் கொரேஸ் என்ற மாட்டுப் பண்ணைப் பிரதேசம். இளவயதில் கம்யூனிஸ்ட் பத்திரிகையைத் தெருவில் நின்று விற்றிருக்கிறார், நம்புவீர்களா! அப்புறம் அப்போது பிரதமராக இருந்த பொம்பிடுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சிராக்கை "என் புல்டோசர்" என்பாராம். 1967இல் இடதுசாரிகளின் கோட்டையாக இருந்த கொரேஸில் நின்று ஜெயித்து, உடனே துணை அமைச்சர்.

1974இல் நான் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. எங்கள் துரை பிரெஞ்சுக்காரர், போர்தோ நகரத்தவர். (இந்தப் பக்கம் அது அதிசயமில்லை. தென்னமரம் தோட்டத்தில் 1917இல் செம்பனை போட்டதே ஒரு பிரெஞ்சுக்காரர்தான்.) யாரிடமும் அதிகம் பேசமாட்டார். மே மாதம் ஒரு சாயங்காலம் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், ரேடியோச் செய்தியைக் கேட்டுப் பேனாவை வீசினார். மை தெறித்து இரண்டு வெட்டுக்காரர்களின் பெயர் மறைந்தே போனது. கோபம் முழுக்க சிராக் மேல்.

நடந்தது இதுதான். அதிபர் பொம்பிடு அந்த ஏப்ரலில் பதவியிலேயே இறந்துவிட்டார். டி கோல் கட்சியின் வேட்பாளர் சபான் தெல்மாஸ், போர்தோவின் மேயர், துரைக்குக் கடவுள் மாதிரி. சிராக் அதே கட்சி. அவரோ அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று 43 பேரைத் திரட்டி ஓர் அறிக்கை விட்டு, சபானின் காலை வாரிவிட்டார். லாபம் வெளியாளான ஜிஸ்காருக்கு. ஜிஸ்கார் ஜெயித்தார், சிராக் 41 வயதில் பிரதமர். இங்கே மலேசியாவில் ஒய்.பி.க்கள், அதாவது நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி தாவுவதைத் தடுக்க 2022இல் சட்டமே போட்டோம். இவர் கட்சியை விடாமலே தாவியவர், எந்தச் சட்டம் பிடிக்கும்?

ஜிஸ்காரோடும் ஒத்துப்போகவில்லை. 1976 ஆகஸ்டில் ராஜினாமா, டிசம்பரில் ஆர்.பி.ஆர். என்று சொந்தக் கட்சி, மறுவருஷம் ஜிஸ்காரின் ஆளையே தோற்கடித்துப் பாரிஸ் மேயர். அந்த நாற்காலியை 18 வருஷம் விடவில்லை. 1981, 1988 அதிபர் தேர்தல்களில் தோல்வி. இடையில் 1986 நாடாளுமன்றத் தேர்தலில் வலதுசாரிகள் ஜெயித்ததால், சோஷலிஸ்ட் அதிபர் மித்தரானுக்கே பிரதமர். 1993இல் வலதுசாரிகள் மறுபடி ஜெயித்தபோது நண்பர் பலதூரைப் பிரதமராக விட்டார். அவர் பதவி ருசி கண்டு 1995இல் சிராக்கையே எதிர்த்து நின்றார், பின்னாளில் அதிபரான சார்க்கோசியும் பலதூர் பக்கம். ஆனாலும் சிராக்தான் அதிபரானார். என் கணக்கில் இவர் இடதுசாரிகளோடு மோதியதைவிட வலதுசாரிகளோடு மோதியதுதான் அதிகம்.

லாசப்பல்காரி:
கிள்ளானில் பிறந்து கல்யாணமாகிப் பாரிஸ் வந்தவள். 2002இல் இங்கேதான் இருந்தேன். "பாசிஸ்டுக்கு வேண்டாம், திருடனுக்குப் போடு" என்று ஊர்வலத்தில் அட்டை பிடித்தார்கள். திருடன் என்றது சிராக்கைத்தான்! மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டு ஓட்டுப்போடப் போகிறோம் என்று பலர் கிளம்ப, அரசியல் சாசன மன்றம் அதெல்லாம் கூடாது என்று எச்சரித்தது.

அவரும் லெ பென்னும் ஒன்று என்பது தப்பு. லெ பென்னோடு டிவி விவாதத்துக்கே வர மறுத்தார். 1942இல் யூதர்களை நாஜிகளிடம் பிடித்துக் கொடுத்ததில் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்புண்டு என்று 1995இல் வெளிப்படையாக ஒத்துக்கொண்ட முதல் அதிபர் அவர்தான். ஈராக் போரையும் எதிர்த்தார். ஆனால் ரொம்பப் புகழவும் வேண்டாம். 1991இல் ஓர்லேயான் கூட்டத்தில், வந்தேறிக் குடும்பங்களால் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுத் தொழிலாளிக்கு இரைச்சலும் நாற்றமும் என்று பேசினார். நம் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்து ஜன்னலைச் சாத்துவேன். பிறகு மாடுகளைத் தட்டிக்கொடுத்துச் சிரிக்கும் தாத்தாவாகத்தான் டிவி காட்டியது.

செம்பனைலோரி:
திருடன் என்றார்களே, உள்ளே போனாரா?

பழையகிராணி:
போகவில்லை. மேயராக இருந்தபோது கட்சி வேலை பார்த்த ஆட்களுக்கு நகராட்சிப் பணத்தில் சம்பளம் போன வழக்கு அது. அதிபராக இருந்தவரை யாரும் தொட முடியவில்லை. 2007இல் இறங்கினார், 2011 டிசம்பரில் இரண்டு வருஷச் சிறை, ஆனால் நிறுத்திவைத்த தண்டனை. உடம்பு முடியவில்லை என்று கோர்ட்டுக்கே வரவில்லை. 2019இல் 86 வயதில் காலமானார். வேலைக்கு வராத ஆளுக்கு நான் ஒருநாள் பேர் போட்டிருந்தால் மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டிலேயே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.