மயில் கழுத்து நிறத்தில் ஒரு தோரமல்லி (டூர்மலின்): பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மேலூர் மாணவன்:
மேலூர்ப் பக்கம், கிணறு வெட்டிக் கொட்டிய மேடு. வெங்கச்சங்கல்லும் காக்காய்ப்பொன்னும் கலந்த பாளத்தில் விரல் நீளக் குச்சிக் கல் ஒன்று பதிந்திருந்தது. சுத்தியலால் தட்டியதும் பாதியில் முறிந்து கைக்கு வந்தது. பக்கவாட்டில் மயில் கழுத்து நிறம். முனையிலிருந்து நீளவாக்கில் வெயிலுக்கு நேரே பிடித்தேன். கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது! ஐந்து வருடமாக அந்தக் கறுப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. நிலத்துக்காரர், “எங்கள் காட்டில் கிடைத்தது எங்களிடமே இருக்கட்டும், தம்பி” என்றார். கொடுத்துவிட்டேன். கடல் நீல நிற அக்வாமரீன் கல் இப்படிக் கறுக்குமா?

வைகைக்கரை:
கறுக்காது. அதற்காக நீலத் தோரமல்லி, அதாவது இண்டிகோலைட், என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் தம்பி. நிறத்தை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். இதே நிறக் கல்லை ஒரு வாரம் மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பேனாக்கத்தியால் இழுத்ததும் கீறல் விழுந்தது. அப்பட்டைட்! அதன் கடினம் பத்துக்கு 5தான். தோரமல்லி 7க்கு மேல், கத்திக்கு மசியாது. முறிந்த முகம் ஆறு பட்டையா, தோரமல்லிக்கு உரிய புடைத்த முக்கோணமா? இண்டிகோலைட் லித்தியம் உள்ள எல்பைட் வகை. அருகில் லித்தியத்தைக் காட்டும் இளம் ஊதாக் காக்காய்ப்பொன் இருந்ததா? இதையெல்லாம் விட்டுவிட்டு நிறத்தையே சொல்கிறீர்கள்.

ஆனைமலை அடிவாரம்:
எனக்கு ஒரு கடையில் ‘பராய்பா’ என்ற விலையுயர்ந்த தோரமல்லி என்று காட்டிய மோதிரக் கல்லில் லென்ஸ் வைத்ததும் குமிழிகள். வெறும் கண்ணாடி. அவ்வளவுதான் என் கதை.
ஆனால் வைகைக்கரை அண்ணன் சொன்ன கத்தி வேலை வேண்டவே வேண்டாம். நல்ல படிகத்தில் விழுந்த கீறல் ஆயுசுக்கும் போகாது. குச்சியைத் தனியே பிடுங்காமல் தாய்ப்பாறையோடு எடுங்கள். தனிக்கல் என்றால் தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பாருங்கள்: அக்வாமரீன் 2.7, தோரமல்லி 3.1 அளவில். அப்பட்டைட் 3.2 என்பதால் அங்கே எடை கைவிடும். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானிதான் பிரித்துச் சொல்லும். இரண்டும் 1.63 பக்கம் நின்றாலும், தோரமல்லி காட்டும் இரண்டு அளவுகளுக்கும் நடுவே 0.02 வரை இடைவெளி இருக்கும். அப்பட்டைட்டில் மிகக் குறைவு. தோரமல்லியைச் சூடாக்கினால் சாம்பலை இழுக்கும் என்று இலங்கைக் கல்லை வைத்து டச்சுக்காரர்கள் அன்றே கண்டார்கள். அதை நம்பி அடுப்பில் போடாதீர்கள், விரிசல் விடும். பராய்பா என்றால் செம்பு இருக்க வேண்டும். அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். எதற்கும் முன்னால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு மேட்டில் கால் வையுங்கள்.

மேலூர் மாணவன்:
கேட்டுவிட்டுத்தான் ஏறினேன் அக்கா.
அண்ணன் கேட்ட முறிந்த முகம் நன்றாக நினைவிருக்கிறது. கோரைத்தண்டை நறுக்கினாற்போல மூன்று பக்கமும் புடைத்திருந்தது. நீளவாக்கில் நெருக்கமான வரிகள், நகத்தில் தட்டின. ஊதாக் காக்காய்ப்பொன்னைத் தேட அன்று தோன்றவில்லை. மேட்டையும் லாரியில் அள்ளிப் போய்விட்டார்கள். கல் மட்டும் அந்த வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது லென்ஸ் கொண்டுபோகிறேன். கத்தி கொண்டுபோகவில்லை.