ரஸ்ட்: பாராமீட்டராக வந்த ரெஃபரன்ஸை த்ரெட்டுக்குக் கொடுக்க முடியவில்லை

கேள்வி

வணக்கம். பதிவுக் கோப்பு ஒன்றில் பிழை வரிகளை எண்ணும் நிரலை ரஸ்ட் நிரல்மொழியில் எழுதுகிறேன். 2 ஜிபி கோப்பை நினைவகத்தில் ஏற்றி, அதன் ஸ்லைஸை (தரவை நகலெடுக்காமல் அதைச் சுட்டும் ரெஃபரன்ஸை) ஒரு ஃபங்ஷனுக்குப் பாராமீட்டராகக் கொடுக்கிறேன். அது நான்கு த்ரெட்களுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகளுக்கு) வேலையைப் பங்கிட வேண்டும். கம்பைலரோ பிழை எண் 0521 காட்டுகிறது: கடன் வாங்கிய தரவு, அதாவது அந்த ரெஃபரன்ஸ், ஃபங்ஷனை விட்டுத் தப்புகிறதாம். நான்கு த்ரெட்களுக்கும் ஜாயின் போட்டு, அவை முடியும்வரை காத்திருந்த பிறகுதான் ஃபங்ஷன் திரும்புகிறது. பிறகு எப்படித் தப்பும்? நகலெடுத்தால் ஓடுகிறது, ஆனால் 2 ஜிபியை நகலெடுக்க மனம் வரவில்லை.

பதில் 1

நீங்கள் காத்திருப்பது உங்களுக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. த்ரெட்டைக் கிளப்பும் ஸ்பான் ஃபங்ஷனின் தலைப்பு வரியை மட்டுமே அது நம்பும். அங்கே 'ஸ்டாட்டிக்' என்ற நிபந்தனை இருக்கிறது: த்ரெட்டுக்குத் தரும் குளோஷரை (சுற்றியுள்ள மாறிகளையும் பிடித்துவைக்கும் பெயரற்ற ஃபங்ஷனை) எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது கெடக்கூடாது. உங்கள் ஸ்லைஸுக்கோ ஃபங்ஷன் திரும்பும்வரைதான் உத்தரவாதம்.

த்ரெட் ஸ்கோப்பைப் பயன்படுத்துங்கள். 1.63 பதிப்பிலிருந்து, அதாவது ஆகஸ்ட் 2022 முதல், ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இருக்கிறது. அதற்குள் கிளப்பிய த்ரெட்கள் எல்லாம் முடியாமல் ஸ்கோப் திரும்பாது. ஆகவே ரெஃபரன்ஸை அப்படியே உள்ளே தரலாம்.

இது வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். 2015 மே மாதம் 1.0 வருவதற்கு முன்பே இதற்கு ஒரு வசதி இருந்தது. அது ஒரு காவல் மதிப்பைத் திருப்பித் தரும். அந்த மதிப்பு அழியும்போது ஜாயின் நடக்கும். ஆனால் அதை ஒரு ஆர்சி சுழற்சிக்குள் (எண்ணிக்கை வைத்து நினைவகத்தை விடுவிக்கும் சுட்டிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் வளையத்துக்குள்) மாட்டிவிட்டால் அது அழியவே அழியாது. ஃபங்ஷன் திரும்பிவிடும், தரவு விடுவிக்கப்பட்டுவிடும், த்ரெட் மட்டும் அதைப் படித்துக்கொண்டே இருக்கும். கம்பைலரின் பாதுகாப்புச் சோதனைகளைத் தளர்த்தும் 'அன்சேஃப்' என்ற சொல்லை ஓரிடத்திலும் எழுதாமலே இந்த விபத்து நடக்கும்! வெளியீடு நெருங்கிய வேளையில் அதை எடுத்தே விட்டார்கள். அந்தத் துணிவுக்காகவே இந்த மொழியை மதிக்கிறேன். இப்போது ஜாயினை ஸ்கோப்பே தன் கையில் வைத்திருக்கிறது.

பதில் 2

இந்தப் பிழைச் செய்தியின் அருமை சி மொழியில் நிரல் எழுதியவர்களுக்குத் தெரியும். ஒருமுறை கோப்பிலிருந்து பெயர்களை ஒரே 256 பைட் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் பட்டியலில் சேர்க்கும் ஃபங்ஷனுக்கு அனுப்பினேன். அது பெயரை நகலெடுக்காமல் பாயின்டரை, அதாவது பஃபரின் முகவரியை, மட்டும் வைத்துக்கொண்டது. அச்சிட்டால் 40 வரிகளிலும் கடைசிப் பெயர். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

பதில் 3

பாராமீட்டர் ஃபங்ஷனை விட்டுத் தப்பக்கூடாது என்ற இதே சோதனையை ஸ்விஃப்ட் மொழியும் குளோஷர்களுக்குச் செய்கிறது. 2016இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்து, பாராமீட்டராக வரும் குளோஷரைச் சேமித்துவைக்க வேண்டுமானால் 'எஸ்கேப்பிங்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். சி ஷார்ப் மொழியின் 11ஆம் பதிப்பில் அதே நோக்கத்துக்கு 'ஸ்கோப்டு' என்ற சொல் இருக்கிறது.

கேட்டவர்

ஸ்கோப்புக்குள் மாற்றினேன், நகலே இல்லாமல் ஓடுகிறது. மிக நீளமான பிழை வரியின் ரெஃபரன்ஸையும் த்ரெட்டிலிருந்து வாங்கி, ஃபங்ஷனின் விடையாகத் திருப்பித் தர முடிந்தது. அந்த வரி அழைத்தவரின் தரவுக்குள்ளேயே இருப்பதால் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. பதில் 1 எழுதியவருக்கு மிக்க நன்றி.