புதுப்பிப்பு: குளிர்நீர்ப் படங்களில் வெள்ளைப் புள்ளிகள்

ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதியில் நீருக்கடியில் எடுத்த படங்களில் பனி கொட்டுவதுபோல வெள்ளைப் புள்ளிகள், கேமரா உறையின் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி என்று போன முறை எழுதியிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன.

ஃப்ளாஷ்களைக் கேமராவை ஒட்டி வைத்திருந்ததுதான் தப்பு. அவற்றை நன்றாகப் பக்கவாட்டில் தள்ளி, சற்று வெளிப்பக்கமாகத் திருப்பியதும், ஒளியின் ஓரம் மட்டும் பொருளின் மேல் பட்டது, லென்ஸுக்கு நேர் முன்னால் மிதக்கும் துகள்கள் இருட்டிலேயே நின்றுவிட்டன. ஆவிக்குக் காரணம், சூடான அறையில் ஹவுசிங்கை (கேமராவின் நீர்புகா உறையை) மூடியது. இப்போது குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் மூடுகிறேன், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம்.

அப்புறம், கெல்ன். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடித்த போர்க்கப்பல்களில் ஒன்று, இன்றும் பக்கவாட்டில் சாய்ந்தே கிடக்கிறது. துருவேறிய விளிம்பில் பூப்போன்ற கடல் உயிரிகளான கடல் சாமந்திகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன, வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைச் சாம்பல். ஃப்ளாஷ் அடித்த கணத்தில் ஒன்று பளீரென்று ஆரஞ்சு, பக்கத்தில் இருந்தது தூய வெள்ளை. அதைப் பார்த்ததும் விரல் மரத்துப்போனதே மறந்துவிட்டது!

முழுக் கப்பலையும் ஒரே படத்தில் எடுக்க ஃப்ளாஷ் எட்டாது. அடுத்த முறை இயற்கை ஒளியில், கறுப்பு வெள்ளையில் முயற்சி செய்கிறேன்.