மறு: சீம் அலவன்ஸுக்கு ‘விடுதுணி’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்க, தொடங்கிவைத்த நானே பேசாமல் இருந்துவிட்டேன். சொன்ன சொற்களையெல்லாம் வகுப்பில் ஒருமுறை புழங்கிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. தையலுக்காக ஓரத்தில் கூடுதலாக விட்டு வெட்டும் துணியை ஆங்கிலத்தில் ‘சீம் அலவன்ஸ்’ என்பார்கள். அதைத் தமிழில் ‘விடுதுணி’ என்று எழுதலாமா என்பதுதான் இந்த இழையில் நான் கேட்டது. துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் விரிப்புகளுக்கான வடிவங்களை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நாமே வரைந்துகொள்வது எப்படி என்று ஒரு தமிழ்க் கையேடு எழுதிவருகிறேன். படிக்கப்போகிறவர்கள் தையல் நன்றாகத் தெரிந்தவர்கள். சுட்டியைப் பிடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கணினிச் சொல் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம், தையல் சொல் அந்நியமாக இருக்கக் கூடாது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் எல்லாச் சொல்லையும் பார்க்கிறேன்.

> ‘தையல் அனுமதி’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, முதல் வரைவில் நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கும் கை. முதல் பாடம் ஒன்பது சதுரம், மூன்றுக்கு மூன்று. தைத்து முடித்தால் 12 அங்குலம் வர வேண்டும். அதனால் திரையில் ஒவ்வொரு சதுரமும் 4 அங்குலம். நான் கொடுத்த தாளில் கீழே ஒரு குறிப்பு: ‘தையல் அனுமதி: கால் அங்குலம்’. அக்கா சதுரங்களைச் சரியாக 4 அங்குலத்துக்கே வெட்டினார். மூன்று சதுரத்தை இணைத்தால் நடுவில் இரண்டு தையல், ஒவ்வொரு தையலும் அரை அங்குலத்தை விழுங்கும். அளந்தால் 11. சுற்றிலும் வெளியோரத் தையலும் போட்டபின் நிற்பது பத்தரை. மற்றவர்களின் 12 அங்குலத் துண்டுகளோடு அது சேரவே இல்லை. வெட்டியது அவருடைய அம்மா கட்டிய பழைய சுங்குடிச் சேலை. அதே துணி மறுபடி எங்கே கிடைக்கும்?

“அனுமதின்னு போட்டிருந்துச்சா, கால் இன்ச் வரைக்கும் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லைன்னு நெனச்சுட்டேன்மா” என்றார்.

அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. ‘அனுமதி’ என்ற சொல் அப்படித்தான் பேசுகிறது. எவ்வளவு பிசகலாம் என்பதற்கு எழுதியிருந்தால் அது பொருந்தியிருக்கும். எவ்வளவு சேர்த்து வெட்ட வேண்டும் என்பதற்குப் பொருந்தாது. நான் விளக்கிச் சொன்னதும் அவர் கேட்ட கேள்விதான் இந்த மடலுக்கே வித்து: “தையலுக்குத் துணி விட்டு வெட்டணும்னு எழுதியிருந்தா நான் வெட்டியிருப்பேனே?”

துணி விடுதல். எந்தத் தையல் கடையிலும் தினமும் காதில் விழுவது. ‘உள்ளே ஒரு இன்ச் துணி விட்டுத் தைங்க, பின்னாடி பிரிச்சுக்கலாம்.’ வினை அங்கேயே இருக்கிறது. அதைப் பெயராக்கினால் விடுதுணி. சுடுநீர், ஊறுகாய், குடிநீர் போல இதுவும் வினைத்தொகைதான். வலிந்து கட்ட வேண்டியதில்லை.

> ‘தையல் ஓரம்’ அல்லது ‘தையல் விளிம்பு’ போதாதா? எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான் அக்கா, ஆனால் பொருள் தப்பிவிடுகிறது. விளிம்பு ஒரு கோடு. நமக்கு வேண்டியது இரண்டு கோடுகளுக்கு நடுவே கிடக்கும் பட்டையின் பெயர். திரையில் வரையும்போது உள்ளே தையல் கோடு, வெளியே வெட்டுக்கோடு. இரண்டுக்கும் நடுவே விடுதுணி. மூன்றுக்கும் மூன்று பெயர் இருந்தால்தான் ‘தையல் கோட்டை மட்டும் வரையுங்கள், விடுதுணியை மென்பொருள் போட்டுக்கொள்ளும்’ என்ற வாக்கியத்தையே எழுத முடியும். அகலம் உள்ள ஒன்றுக்கு அகலம் இல்லாத ஒன்றின் பெயரை வைத்தால் முக்கோணத்துக்கு வரும்போது சிக்கிக்கொள்வோம்.

முக்கோணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்பொருளின் அருமை அங்கேதான் தெரிகிறது. சதுரம் என்றால் பக்கத்துக்குக் கால் அங்குலமாக அரை அங்குலம் கூட்டினால் கணக்கு முடிந்தது. சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டிய முக்கோணத்துக்கு அரை போதாது. கூர்முனையில் வெட்டுக்கோடுகள் இரண்டும் வெகுதூரம் ஓடித்தான் ஒன்றையொன்று தொடும். அதையும் சேர்த்தால் பக்கத்துக்கு 0.85 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். குவில்ட் (ஒட்டுத்துணி விரிப்பு) தைக்கிறவர்கள் வாய்ப்பாடாக வைத்திருக்கும் ‘எட்டில் ஏழு’ இங்கிருந்து வருவதுதான்: தைத்தபின் 3 அங்குலம் நிற்க வேண்டுமானால், மூன்றே முக்காலே அரைக்கால் (3 7/8) அங்குலச் சதுரம் வெட்டி, அதை இரண்டாக்க வேண்டும். (அரைக்கால் என்ற அளவை இங்கே எழுத நேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்த அக்காவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.)

மென்பொருளில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். முக்கோணத்தை தைத்தபின் நிற்கும் அளவிலேயே வரைந்து, அதன் கோட்டுத் தடிமனை அரை அங்குலம் என்று கொடுத்தால் போதும். தடிமனில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் விழும். வெளியே விழும் கால் அங்குலம்தான் விடுதுணி. கோடுகள் சேரும் மூலையைக் கூராக வைத்துக்கொள்ள வேண்டும், உருட்டினால் முனை குறைந்துபோகும். இன்னொன்று: மென்பொருள் தானாக வைத்திருக்கும் கூர் வரம்பு, அதாவது மூலையின் கூர் கோட்டுத் தடிமனைப்போல எத்தனை மடங்கு நீளலாம் என்பது, 4. முனை சுமார் 29 பாகைக்குக் கீழே மெலிந்தால் அந்த வரம்பில் கூரைத் தானே வெட்டிவிடும். நட்சத்திர வடிவம் வரைகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். வரம்பை உயர்த்திக்கொண்டால் சரியாகிவிடும்.

இந்தப் பத்தியை ‘தையல் ஓரம்’ என்று போட்டும் எழுதிப் பார்த்தேன். ‘ஓரத்தின் ஓரம்’ என்று வந்து நின்றது.

> ‘விடுதுணி’ என்றால் கழித்துவிட்ட துணி என்று படிக்க மாட்டார்களா?

இழையில் வந்ததிலேயே கனமான மறுப்பு இதுதான். வகுப்பில் கேட்டும் பார்த்தேன். பதினோரு பேரில் ஒருவர் அப்படிப் படித்தார். மற்றவர்களுக்குத் தையலுக்கு விடுவதுதான் தோன்றியது. வெட்டியபின் கீழே விழுவதற்கு அவர்களிடம் வெட்டுத்துணி என்று வேறு பெயர் இருக்கிறது. தமிழில் ‘விட்டு’ என்றாலே கைவிட்டு என்று ஆகிவிடாது. இரண்டடி விட்டு நடு, வீட்டைச் சுற்றி மூன்றடி விட்டுக் கட்டு, பக்கத்தில் இடம் விட்டு எழுது: எல்லாமே ஒரு காரியத்துக்காக விடுவதுதான். ஆனாலும் அந்த ஒருவரை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கையேட்டில் முதன்முதலில் வரும் இடத்தில் ‘தையல் விடுதுணி’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு விடுதுணி என்று சுருக்கிக்கொள்கிறேன். ஜாக்கெட்டில் பிற்பாடு பிரிப்பதற்காக விடுவதோடும் குழப்பம் வராது.

> ‘மடிப்பு’ என்று நம் பக்கம் சொல்வார்களே?

சொல்வார்கள். ஆனால் அது வேறு வேலை. மடிப்பில் ஓரத்தை உள்ளே மடக்கி மேலிருந்து தைக்கிறோம். தேரில் தொங்கவிடும் தொம்பைகளில் துணிமேல் துணி வைத்துத் தைப்பது அப்படி. உத்தர கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற ஒட்டுத்துணி விரிப்பும் அப்படித்தான்: வெளியோரத்தில் தொடங்கி, துண்டின் ஓரத்தை மடக்கி மடக்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முன்கூட்டி அளந்த சதுரமும் இல்லை, வெட்டுக்கோடும் இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் கவண்டியைப் பற்றி எழுத நாளைக்குச் சொல் இருக்காது. மடிப்பை அதற்கே விட்டுவிடுவோம்.

‘மார்ஜின்’ என்றே வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதே திரையில் அச்சுத்தாளின் மார்ஜினும் வருகிறது, ஐயா. எந்த மார்ஜின் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது ‘பிளாக்’, அதாவது அந்த ஒன்பது சதுரம் போலத் துண்டுகளை இணைத்துத் தைத்த ஓர் அலகு. பலரும் ‘கட்டம்’ என்றிருக்கிறீர்கள். திரையில் பின்னணியாகக் கிடக்கும் கோடுகளுக்குக் கட்டம் என்பதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். கட்டம் போட்ட சேலை என்ற வழக்கும் இருக்கிறது. ஒன்பது கட்டம் சேர்ந்து ஒரு கட்டம் என்று எழுதினால் யாருக்குப் புரியும்? நான் முன்வைப்பது பாத்தி.

இந்தச் சொல் எனக்கு மேசையில் உட்கார்ந்து கிடைத்ததில்லை. தைத்த துண்டுகளைத் தரையில் பரப்பி, நடுவே இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டைத் துணி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுங்குடி அக்காதான் (இந்த முறை அவர் துண்டு சரியாக 12) எட்டி நின்று, “கீரைப் பாத்தி மாதிரியில்ல இருக்கு” என்றார். எனக்கு உடல் சிலிர்த்தது. பிளாக் பாத்தி என்றால் நடுவில் ஓடும் பட்டை வரப்பு. அதற்கு ஆங்கிலத்தில் ‘சாஷிங்’ என்பார்கள். ஒரு வாரமாக ‘இடைப்பட்டை’, ‘பிரிபட்டை’ என்று அடித்தடித்து எழுதிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் வரும் அகலமான துணிக்குச் சேலையே பெயர் கொடுத்துவிட்டது: கரை. ‘பாத்திகளை வரப்பால் இணைத்து, நான்கு பக்கமும் கரை வைக்கவும்.’ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நெல் வயலைப் பார்த்த யாரும் இதற்குப் படம் கேட்க மாட்டார்கள்.

பாத்தி என்றால் வேளாண்மை நினைவுதான் வரும், தையலுக்கு ஒட்டாது என்று யாரேனும் சொல்லலாம். நினைவு வரட்டும். அந்த நினைவுதான் பொருளைச் சொல்கிறது.

‘குளோன்’ பற்றிச் சுருக்கமாக. ‘படியாக்கம்’ என்று வந்திருக்கிறது. படி என்றாலும் நகல் என்றாலும் தமிழில் ஒன்றுதான், மென்பொருளிலோ இரண்டும் வெவ்வேறு. நகல் எடுத்தால் அது தனிப்பொருள். குளோன் எடுத்தால் மூலத்தோடு கட்டுண்டது: மூலப் பாத்தியின் நிறத்தை மாற்றினால் 36 பாத்தியும் கண் முன்னே மாறும். துணியை வெட்டுமுன் நிறம் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும். மூலத்தைத் தாய் என்றும், அதோடு கட்டுண்டதைச் சேய்நகல் என்றும் வைக்கலாம் என நினைக்கிறேன். தாய்ப்பத்திரம் என்று நாம் சொல்வதில்லையா? கட்டை அறுக்கும் கட்டளைக்கு ‘தனியாக்கு’. இதில் எனக்கு முழு நிறைவு இல்லை. ‘சேய்’ எழுத்து வழக்காகவே நிற்கிறது. பேச்சில் உருளும் சொல் யாரிடமாவது இருந்தால் உடனே மாற்றிக்கொள்கிறேன்.

‘குவில்ட்’ என்ற சொல்லை இப்போதைக்குத் தொடவில்லை. துண்டுகளை இணைப்பது ஒரு வேலை. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு ஒட்டுத்தையல் நன்றாகவே நிற்கிறது. இரண்டாவதற்கு மெத்தைக் கடைக்காரர்களிடம் கேட்காமல் எதையும் முடிவுசெய்ய எனக்கு விருப்பமில்லை. மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவதுண்டு. அவர் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அடுத்த மடலில் எழுதுகிறேன்.

விடுதுணி, வெட்டுக்கோடு, பாத்தி, வரப்பு, கரை ஐந்தையும் ஞாயிறு மாலை கையேட்டுக் கோப்பில் ஏற்றப்போகிறேன். மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் எழுதுங்கள். சொல்லை மட்டும் அனுப்பாமல் அந்தச் சொல் வரும் ஒரு தையல் வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள். திங்கட்கிழமை வகுப்பில் அதை அப்படியே படித்துக்காட்டுகிறேன்.

அன்புடன்