புதுப்பிப்பு: அத்தானின் மூளைக் கட்டியைக் குருதியில் கண்காணிப்பது பற்றி

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டிக்குச் சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் முடித்த என் அத்தானுக்கு, அடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி இருந்த இடம் பெருத்துத் தெரிந்ததால், மீண்டும் வளர்கிறதா என்பதைக் குருதியிலேயே அறிய முடியுமா எனத் திருகோணமலையிலிருந்து கேட்டிருந்தேன். பதிலெழுதிய அனைவருக்கும் நன்றி.

அப்படியொரு பரிசோதனை செய்யப்படவில்லை. கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகள், ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம், கலங்கள் வெளிவிடும் நுண்பைகள் ஆகியவை ஆய்வில் உள்ளன; ஆனால் குருதிக்கும் மூளைக்கும் இடையே பொருட்கள் எளிதில் கடக்காதபடி காக்கும் குருதி-மூளைத் தடுப்பைத் தாண்டிக் கட்டியின் டி.என்.ஏ. மிகக் குறைவாகவே குருதிக்கு வருகிறது என்றும், சிகிச்சையை மாற்றுமளவு நம்பத்தக்க பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை என்றும் வைத்தியர் விளக்கினார்.

கைகொடுத்தது, பதிலெழுதியவர்களில் ஒருவரான மட்டக்களப்புத் தாதிச் சகோதரியின் யோசனைதான்: கதிர்ச்சிகிச்சைக்குப் பின் எடுத்த முதற்படத்தை இறுவட்டில் கொண்டுபோய், குருதியோட்டத்தைக் காட்டும் பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்கச் சொன்னார். கட்டி உண்மையில் வளர்ந்தால் பொதுவாக உயரும் குருதியோட்டம் அதில் உயர்ந்திருக்கவில்லை. ஆகவே, கதிர்ச்சிகிச்சை முடிந்த முதல் 3 மாதங்களில் பெரும்பாலும் தோன்றும் போலி வளர்ச்சி (கட்டி வளராமலே படத்தில் பெருத்ததுபோல் தெரிவது) எனக் கருதி, டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்தைத் தொடர்ந்தார்கள். பின்னர் எடுத்த படத்தில் அவ்விடம் சுருங்கியிருந்தது.

எதிர்பாராத ஒன்று: ஒவ்வொரு படத்தின்போதும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அத்தான் எவ்வளவு எடுத்தார் என்று கேட்டார்கள், ஏனெனில் அம்மருந்தே படத்தில் ஒளிரும் பகுதியைக் குறைத்துக் காட்டக்கூடும். அக்கா கிளினிக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார், நல்லவேளை. குருதிப் பரிசோதனைகளில் எஃப்.பி.சி. (முழுக் குருதிக் கல எண்ணிக்கை) மட்டும் ஒழுங்காக எடுக்கப்படுகிறது; டெமோசோலமைடு குருதிச் சிறுதட்டுகளைக் குறைக்கக்கூடும் என்பதற்காகவே அது, கட்டியைப் பார்ப்பதற்கல்ல.