பேக்கர் சோதனைப் படத்தில் திடீர் வெள்ளை மூட்டம்: கோப்பு கெட்டுவிட்டதா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. 1946 ஜூலை 25 அன்று பசிபிக் கடலின் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய 'பேக்கர்' நீரடி அணுகுண்டுச் சோதனையின் படத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துக் குறிப்பெடுக்கிறேன். முதலில் கருப்பு வளையம் ஒன்று மளமளவென விரிகிறது. பின்னாலேயே வெள்ளைத் திட்டு. நடுவில் தண்ணீர் புடைத்து எழும்புகிறது. அதற்குப் பிறகு எல்லாமே வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தும் பயனில்லை. டிஜிட்டலாக மாற்றும்போது கெட்டுப்போயிருக்குமோ?

பதில் 1:
கோப்பில் பழுது இல்லை. அது நிஜமான மேகம். வெடிப்பின் அதிர்ச்சி அலை (அதிவேக அழுத்த அலை) காற்றில் கடந்து போனதும் பின்னால் அழுத்தம் சட்டென்று குறையும், காற்று குளிரும். கடல் காற்றின் ஈரம் அப்படியே மூட்டமாகிவிடும். வில்சன் மேகம் என்பார்கள். சில நொடியில் கலைந்துவிடும், பொறுமையாக நகர்த்துங்கள்.
கருப்பு வளையம், நீருக்குள் வந்த அதிர்ச்சி அலை மேற்பரப்பைத் தொட்ட தடம். வெள்ளைத் திட்டு, அதே அலை எதிரொலித்துத் திரும்பும்போது மேல்நீர் பிய்ந்து நுரைப்பது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி! மேகம் கலைந்ததும் நீர்த்தூண் தெரிகிறது. அடியில், சோதனைக்காக நிறுத்திய கப்பல்கள் எள்ளு மாதிரி கிடக்கின்றன. ஆனால் 1955-இல் நடந்த இன்னொரு நீரடி அணுகுண்டுச் சோதனையான 'விக்வாம்' படத்தில் இப்படி ஒரு தூணே இல்லையே, வேறு படத்தை எடுத்துவிட்டேனா?

பதில் 2:
சரியான படம்தான். ஆழம்தான் வித்தியாசம். பேக்கர் குண்டு வெறும் 27 மீட்டர் ஆழத்தில் தொங்கியது. வெப்ப வாயு நேரே வெளியே பீறிட்டதால் சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூண் எழுந்தது, அதன் உட்புறம் வெற்றிடம். விக்வாம் 610 மீட்டர் ஆழத்தில். அங்கே வாயுக்குமிழ் விரிந்து சுருங்கியபடியே மேலே வந்து உடைகிறது.
ஒன்று சொல்கிறேன், தூணோடு நிறுத்திவிடாதீர்கள். அது சரியும்போது காலடியிலிருந்து உருண்டு வரும் வெண்ணிற நீர்த்திவலைச் சுவரைப் பாருங்கள். கதிரியக்கத்தைக் கப்பல்களின் மேல் அப்பியது அதுதான். எவ்வளவு கழுவியும் போகவில்லை, அடுத்து வைத்திருந்த மூன்றாவது சோதனையையே கைவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் பார்த்தேன். கப்பல்கள் ஒவ்வொன்றாக அதற்குள் மறைகின்றன. பிக்கினியின் கடற்காயலை நம்பி வாழ்ந்த 167 பேரை அதே வருடம் மார்ச்சில், சோதனைக்கு முன்பே, ரோங்கெரிக் என்ற வேறொரு பவளத்தீவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று படித்திருந்தேன். அதையும் அந்த ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.